அறிமுகக் கடிதத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: கோவையிலிருந்து சைக்கிளில் தனியாகக் கிளம்பி, காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் நான்கு நாள் தங்கித் தறி வேலையைப் பார்க்க ஆசை. தெரிந்தவர் மூலம் மூன்று வீட்டு விலாசம் கிடைத்தது. ‘நான் சாகச விரும்பி; எங்கேயும் தூங்குவேன், எதையும் சாப்பிடுவேன், எதற்கும் தயார்’ என்று எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. என்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது?
— வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதம் முழுக்க உங்கள் துணிச்சலைப் பற்றியது. அதைப் படிக்கும் வீட்டுக்காரருக்கு எழும் கேள்விகள் வேறு: இந்தப் பெண் யார், யாருக்குத் தெரிந்தவர், என்றைக்கு வருவார், என்றைக்குக் கிளம்புவார், எங்கே படுக்க வைப்பது? ‘எதற்கும் தயார்’ என்பது இவற்றில் ஒன்றுக்கும் விடையல்ல. நீங்கள் தயார், சரி. அந்த வீடு தயாரா என்பதை நீங்கள் கேட்கவே இல்லை.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தறி இருப்பது வீட்டுக்குள்ளேயே. குழித்தறி என்றால் தரையில் வெட்டிய குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து நெய்ய வேண்டும். அந்த இடத்தில் விருந்தாளிக்குப் பாய் விரிக்க முடியாது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நிறம் என்பதால், கரை நாடாவைக் கொடுத்து வாங்க இன்னொருவர் பக்கத்தில் இருப்பது வழக்கம். உங்களுக்குக் காபி போட ஒருவர் எழுந்தால் இருவர் வேலை நிற்கும். கூலியோ சேலைக் கணக்கில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை கெடும். வைகாசி கருட சேவைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் உறவினர் வருவார்கள். இதையெல்லாம் அறிந்து எழுதும் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

காஞ்சியை நோக்கிய பயணத்தை வைத்தே தமிழில் ஒரு பெரிய நூல் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குப் பாணனை வழிப்படுத்துகிறது. அதன் 500 அடிகளில் எயினர், ஆயர், உழவர், வலையர், அந்தணர் என்று வழியில் வாழ்பவர்களின் தொழிலும் உணவும் விரிவாகப் பேசப்படுகின்றன. போகிறவர், தமக்குச் சோறிடப்போகிறவரை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறார். நம் காலத்திலும் சான்று உண்டு. 1962-இல் சதீஷ் குமாரும் ஈ.பி. மேனனும் கையில் பணமில்லாமல் தில்லியிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் நடந்தே மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் சென்றார்கள். அதைவிடப் பெரிய சாகசம் அரிது. ஆனால் அவர்கள் முன்வைத்தது தங்கள் துணிவை அல்ல. அணு ஆயுதத்துக்கு எதிராக நடக்கிறோம் என்ற காரணத்தை.

‘அப்படியானால் என் இயல்பை மறைக்க வேண்டுமா?’ என்று கேட்பீர்கள். வேண்டாம். 400 கிலோமீட்டருக்கு மேல் தனியாகச் சைக்கிளில் வருகிறேன் என்ற ஒரு வரியே உங்கள் துணிச்சலைச் சொல்லிவிடும், அடைமொழி தேவையில்லை. ‘விருந்தோம்பல் நம் மரபாயிற்றே, இத்தனை கணக்கு எதற்கு?’ என்றும் தோன்றலாம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியது வீட்டாரின் கடமையைச் சொல்ல. அதைக் காட்டி உரிமை கொண்டாடுவது வருகிறவருக்கு அழகல்ல. மறுக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு மறுக்க வழிவிடுவதும் மரியாதைதான். தனியாக வரும் பெண் என்பதால் நீங்களும் விசாரியுங்கள்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தனி அறை உண்டா? இதைக் கேட்டால் நல்ல வீட்டார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஐயா, வணக்கம். நான் கோவையில் இன்ன வேலை செய்கிறேன். உங்களுக்குத் தெரிந்த இன்னார் என்னை அறிவார்; அவரிடம் விசாரிக்கலாம். கோர்வை நெய்வதைப் பார்க்க ஆசை. தை மாதத்தில் உங்களுக்குத் தோதான நான்கு நாள் சொன்னால் சைக்கிளில் வருகிறேன். சாப்பாட்டுச் செலவு என்னுடையது. தறி ஓடும்போது பேச்சுக் கொடுக்க மாட்டேன். கேட்காமல் படம் எடுக்க மாட்டேன். தங்க இடமில்லை என்றால் லாட்ஜில் தங்கிக்கொண்டு பகலில் மட்டும் வருகிறேன். அதுவும் தோதுப்படாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.’ பழைய கடிதத்துக்குப் பதில் வராததைக் கணக்கில் எடுக்காமல், மூன்று வீட்டுக்கும் இதை அனுப்புங்கள்.