காம்பவுண்டுக்கு உள்ளே, காம்பவுண்டுக்கு வெளியே

லிங்கம்பள்ளி, ஹைதராபாத்.

அன்புள்ள மருமகளே,

உங்கம்மா போனில் எல்லாம் சொன்னாள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் பாதிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறது. அத்தானுக்கு அதில்தான் மனசு. வாரக் கடைசியில் பஸ் ஏறினால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார். "நீ அந்த ஊர்லயே கிடக்கிறவன், ரெண்டு வரி எழுதிப் போடு" என்றாள் அக்கா. ரெண்டு வரியில் அடங்குகிற சங்கதியா இது?

இங்கே வா என்பதுதான் என் கட்சி. ஆனால் எதற்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வா. ரேங்க் பட்டியலைப் பார்த்து வந்த பிள்ளைகளும், ஐ.டி. கம்பெனியெல்லாம் பக்கத்தில்தானே என்று வந்த பிள்ளைகளும் முதல் பருவம் முடிவதற்குள் முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். குறை அந்தப் பிள்ளைகளிடமும் இல்லை, இடத்திடமும் இல்லை. தேடி வந்தது வேறு, இங்கே இருப்பது வேறு.

நான் ராமச்சந்திரபுரம் பி.எச்.இ.எல்.லில் வேலைக்கு வந்த காலத்தில் பழைய பம்பாய் ரோட்டில் மெஹதிப்பட்டினம் தாண்டினால் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். பாறையும் சீத்தாப்பழப் புதருமாகக் கிடந்த காட்டுக்கு நடுவில் ஒரு கேட், ஒரு போர்டு. இந்தப் பொட்டலில் யார் வந்து படிப்பார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொள்வோம். 1974-இல் பல்கலைக்கழகம் தொடங்கும்போது அந்த இடத்தில் கட்டடமே கிடையாது. நகரத்துக்குள் ஆபிட்ஸ் பக்கம் சரோஜினி நாயுடு குடும்பத்து வீடான 'கோல்டன் த்ரெஷோல்ட்'டில்தான் வகுப்புகள் நடந்தன. அதற்கப்புறம்தான் கச்சிபௌலியில் கொடுத்த 2,300 ஏக்கர் சொச்சம் நிலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தார்கள்.

இந்தப் பல்கலைக்கழகம் எப்படி வந்தது என்பதை அத்தானிடம் சொல், அவருக்கு அரசியல் பிடிக்கும். 1969-இல் தெலங்கானா கிளர்ச்சி, 1972-இல் ஜெய் ஆந்திரா கிளர்ச்சி. வேலையிலும் படிப்பிலும் எங்கள் பங்கு எங்கே என்று இரண்டு பக்கமும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். உயிர்ச் சேதமும் நடந்தது. அதைச் சமாதானப்படுத்த 1973-இல் ஆறு அம்சத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆறில் ஒன்று, தலைநகரில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். அதற்காக அரசியலமைப்புச் சட்டத்தையே திருத்தி 371-இ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நீ உட்காரப்போகிற பெஞ்சு ஏதோ ஒரு கல்வித் தந்தையின் தயாளத்தில் வந்ததில்லை. கேட்டு, சண்டை போட்டு வாங்கியது. அதனால்தான் கட்டணம் இன்னும் பருவத்துக்குச் சில ஆயிரங்களில் நிற்கிறது.

பிறகு நகரம் இதைத் துரத்திக்கொண்டு வந்தது. 1998-இல் சைபர் டவர்ஸ் திறந்தார்கள், 2001-இல் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் வந்தது, 2019-இல் ராயதுர்கம் வரை மெட்ரோ வந்தது. பொட்டல் என்று நாங்கள் சிரித்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடி மாளிகைகள். நடுவில் இவர்கள் மட்டும் பாறையும் ஏரியும் மயிலுமாக இருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே இறங்கினால் பெருநகரம், கேட்டுக்கு உள்ளே நடந்தால் கால்மணி நேரத்தில் வண்டிச் சத்தம் அடங்கிவிடும். இந்த இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். ஊருக்கு நடுவில் இருக்கிற கல்லூரியில் உட்கார்ந்து யோசிக்க இடமிருக்காது. ஊரைவிட்டு எங்கோ தள்ளிக் கட்டியதில் யோசித்ததைக் கொண்டுபோய்ச் சொல்ல ஆளிருக்காது.

உள்ளே என்ன கிடைக்கும் என்று முதலில் சொல்கிறேன்.

பக்கத்து நாற்காலி. நான் சொல்வது வகுப்பில் இல்லை, மெஸ்ஸில். எங்கள் காலனியில் ஒரு நண்பரின் மகள் அங்கே வேதியியல் படித்தாள். ஒரு மதியம் அவளைப் பார்க்கப் போனபோது 'கோப்ஸ்' என்று அவர்கள் சொல்கிற கேன்டீனில் உட்காரவைத்தாள். ஒரே மேசையில் மணிப்பூர்ப் பையன் ஒருவன், மலப்புரத்துப் பெண் ஒருத்தி, அதிலாபாத்திலிருந்து வந்த ஆய்வு மாணவர் ஒருவர், நாடகத் துறையில் படிக்கிற பீகார்க்காரன். பருத்தி விலையில் ஆரம்பித்த பேச்சு எப்படியோ ஒளியின் வேகத்துக்குப் போய், அங்கிருந்து யாருக்கு டீக்காசு பாக்கி என்பதில் வந்து நின்றது. அந்த ஆய்வு மாணவரின் அப்பாவுக்குப் படிப்பு கிடையாது, மலப்புரத்துப் பெண்ணின் அப்பா டாக்டர். இருவருக்கும் ஒரே கட்டணம், ஒரே பருப்பு. உன்னைக் கூப்பிடுகிற தனியார் இடத்தில் உன் மேசையில் உட்காரப்போவது ஏறக்குறைய உன்னைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

ஆசிரியர்களைப் பற்றி நான் பேசக்கூடாது, நான் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவன். ஆனால் கேள்விப்பட்டது உண்டு. குவாண்டம் ஒளியியலில் பெரிய பெயரான ஜி.எஸ். அகர்வால் 1977 முதல் 1995 வரை இங்கேதான் இயற்பியல் சொல்லிக்கொடுத்தார். கட்டடமே சரியாக முடியாத இடத்துக்கு அப்படிப்பட்டவர்கள் வந்தது பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கலாம் என்பதற்காக என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். திராவிட மொழிகளைப் பற்றி உலகமே கேட்டுக்கொள்கிற பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1986 முதல் 1993 வரை துணைவேந்தர். 'தி திராவிடியன் லாங்குவேஜஸ்' என்று 2003-இல் வந்த அவருடைய புத்தகம் நூலகத்தில் இருக்கும், தமிழ்ப் பெண் என்ற முறையில் ஒருநாள் எடுத்துப் புரட்டு. இயற்பியல் மாணவி மொழியியல் அலமாரிப் பக்கம் போவதை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் வரச் சொல்கிறேன்.

பாறைகளைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஹைதராபாத்தின் கருங்கல் 250 கோடி வருஷப் பழசு. காளான் குடை மாதிரி நிற்கிற 'மஷ்ரூம் ராக்' என்ற பாறை கேம்பஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. சாயங்காலம் தனியாகப் போகாதே, கூட்டமாகப் போ, பாம்பு உண்டு.

இனி வெளியே. நகரம் பக்கத்தில் இருக்கிறதென்றால் மால் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறவர்களே அதிகம். உனக்கு வேண்டிய நகரம் வேறு. பல்கலைக்கழக நிலத்திலேயே பிரித்துக் கொடுத்த இடத்தில், கோபன்பள்ளியில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைதராபாத் மையம் இருக்கிறது. ஹப்சிகூடாவில் செல் உயிரியலுக்கான சி.சி.எம்.பி., அதன் பக்கத்திலேயே புவி இயற்பியலுக்கு என்.ஜி.ஆர்.ஐ. அங்கெல்லாம் வெளியாட்களும் போய்க் கேட்கிற சொற்பொழிவுகள் நடக்கும். போ. பாதி புரியாது, பரவாயில்லை. முடிந்ததும் பேசியவரிடம் ஒரு கேள்வி கேள். கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் வேலை பழக இடம் கிடைப்பது பெரும்பாலும் இப்படி முகம் பழகியவர்களுக்குத்தான். நம்மூரில் உட்கார்ந்து ஈமெயில் அனுப்புகிறவளுக்கும் நேரில் போய்க் கதவைத் தட்டுகிறவளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பஸ் டிக்கெட்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபிட்ஸ் போய்ப் பார். மூடிக் கிடக்கிற கடைகளின் வாசலில், நடைபாதையில் பழைய புத்தகங்களைக் குவித்து வைத்திருப்பார்கள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே விலை கேட்காதே. கீழே வைத்துவிட்டு, பக்கத்துப் புத்தகத்தைப் பார்த்தபடி இதன் விலையைக் கேள். கடைக்காரருக்கும் அந்த வித்தை தெரியும், ஆனாலும் குறைப்பார். நல்ல இயற்பியல் பாடப்புத்தகங்கள் பக்கமெல்லாம் பென்சில் குறிப்போடு கிடைக்கும். அந்தக் குறிப்புகள் சில சமயம் புத்தகத்தைவிட உபயோகம். பஞ்சாரா ஹில்ஸில் 'லாமகான்' என்று ஒரு திறந்தவெளி இருக்கிறது, 2010-இலிருந்து நடத்துகிறார்கள். நாடகம், பாட்டு, வாக்குவாதம், மலிவான டீ. மாதம் ஒருமுறை போனால் போதும்.

கொண்டாப்பூர்ப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கலாம் என்று சில சிநேகிதிகள் யோசனை சொல்வார்கள். விடுதி கிடைக்கிற வரை விடாதே. ரூமுக்குப் போய்விட்டால் கேம்பஸும் போச்சு, வாடகையிலும் டிராஃபிக்கிலும் நகரமும் கைக்கு எட்டாது. அந்தத் தவறைச் செய்த பிள்ளைகள் இரண்டு வருஷமும் ஆட்டோவிலேயே படித்தார்கள்.

இனி அத்தான் கேட்கப்போகிற கேள்விகள்.

பிளேஸ்மென்ட்? எம்.எஸ்சி. இயற்பியலுக்குக் கம்பெனிகள் வரிசைகட்டி வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று எந்த இடம் சொன்னாலும் நம்ப வேண்டாம், கோயமுத்தூர் உட்பட. இங்கே படிக்கிறவர்கள் நெட், கேட், ஜெஸ்ட் என்று எழுதி ஆராய்ச்சிக்குப் போகிறார்கள். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023-இலிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பி.எச்டி. வரை பிள்ளையின் படிப்புச் செலவுக்கு அவர் நிலத்தை விற்க வேண்டியதில்லை என்று அழுத்திச் சொல்.

பாதுகாப்பு? பெண்கள் விடுதியில் காவல் உண்டு, ராத்திரி நூலக வாசிப்பறையில் பெண்பிள்ளைகள் நிறைய உட்கார்ந்திருப்பார்கள். மெயின் ரோட்டில் மட்டும் இருட்டியபின் ஷேர் ஆட்டோ வேண்டாம்.

அரசியல், போராட்டம்? உண்டு. மறைக்க மாட்டேன். 2016 ஜனவரியில் ரோஹித் வேமுலா என்ற தலித் ஆய்வு மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து பேரில் ஒருவர் அவர். நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்கள் கொதித்தன. கட்டணம் சமம், மேசை சமம் என்று மேலே எழுதினேனே, அந்தச் சமம் எங்கே நின்றுபோகிறது என்பதையும் நீ அங்கேதான் பார்ப்பாய். பக்கத்து அறைப் பெண்ணின் உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கிடந்தால் அவள் மெஸ் பில்லுக்கு என்ன செய்கிறாள் என்று கேட்கத் தெரிய வேண்டும். 2025-இல் கேம்பஸை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கரை ஏலம் விடுவதற்காக மாநில அரசு புல்டோசரை இறக்கியது. நிலம் யாருடையது என்பது பழைய வழக்கு, அது நீளமான கதை. மாணவர்கள் வண்டிகளுக்கு முன்னால் போய் நின்றார்கள், அடியும் பட்டார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லியது. பி.எச்.இ.எல். காலனியில் நாங்கள் கிழடுகள் எல்லாம் டி.வி.யே கதி என்று இருந்தோம். நீ கொடி பிடி என்றோ பிடிக்காதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் லேப் நோட்டை முடித்துவிட்டுப் போ.

சின்னச் சின்ன எரிச்சல்கள் ஏராளம். சுவரில் காரை பெயர்ந்திருக்கும், கோடையில் தண்ணீர் தகராறு வரும், ஒரு கையெழுத்துக்கு மூன்று ஜன்னலுக்கு அலையவிடுவார்கள். தனியார் இடத்தில் வரவேற்பறையில் ஏ.சி. போட்டு ஜூஸ் கொடுப்பார்கள். இங்கே யாரும் உன்னைத் தேடி வரமாட்டார்கள். ஆசிரியரின் அறைக் கதவு திறந்தேதான் இருக்கும், நீதான் உள்ளே போக வேண்டும். உன் கூச்ச சுபாவம் எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் இன்னொரு அப்பளம் கேட்க மாட்டாய். என் பயமெல்லாம் அந்த ஒன்றுதான். முதல் மாதத்திலேயே ஒரு ஆசிரியரிடம் ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டு போய்விடு. பிறகு தானாக வரும்.

தமிழ்ப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று இருக்கும், பொங்கலுக்குச் சேர்ந்து சமைப்பார்கள். போய்க் கலந்துகொள், ஆனால் அறைத்தோழியாகத் தமிழ்ப் பெண்தான் வேண்டும் என்று கேட்டு வாங்காதே. தெலுங்கு பேசினால்தான் மெஸ் அம்மா இன்னொரு கரண்டி ஊற்றுவாள். அத்தை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள்.

உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நம்மூரில் கொடுக்கிற பி.சி. சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ், இந்த நிதியாண்டுத் தேதியில் இருக்க வேண்டும். போன வருஷம் வாங்கியதை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் கையெழுத்தாகிவர நாளாகும், அதனால் அத்தானை நாளைக்கே போகச் சொல். டி.சி., மைக்ரேஷன் சான்றிதழ் இரண்டும் கல்லூரியில் கேட்டு வாங்கிவை, ஒவ்வொன்றிலும் நாலு ஜெராக்ஸ் எடு. சென்னை வந்து சார்மினார் எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். மெத்தை, வாளி, மக் எதையும் சுமந்துகொண்டு வராதே, எல்லாம் லிங்கம்பள்ளியிலேயே கிடைக்கும். உங்கம்மாவின் பருப்புப் பொடி மட்டும் இரண்டு டப்பா, ஒன்று எனக்கு.

அன்புடன்,
மாமா