ஆவண இணைப்புகள் அறாதிருக்க

மென்பொருள் ஆவணத்தில் உள்ள இணைப்பு, அது சுட்டும் பக்கம் இடம் மாறினால் 404 என்னும் பிழைக்குறியைத் தந்து வாசகரைப் பாதி வழியில் நிறுத்திவிடுவதால், பக்கத்தின் பெயரை மாற்றும்போதே பழைய முகவரியிலிருந்து புதியதற்கு, நிரந்தர இடமாற்றத்தைக் குறிக்கும் 301 வகைத் திசைதிருப்பலை அமைத்துவிட வேண்டும். தற்காலிக மாற்றத்துக்குரிய 302 இதற்குப் பொருந்தாது.

கிட்ஹப் தளத்தில் நிரலின் குறிப்பிட்ட வரியைச் சுட்டும்போது கூடுதல் கவனம் தேவை. கிளையின் பெயரைக் கொண்ட முகவரி அக்கிளையின் அண்மை நிலையையே காட்டுவதால், மேலே சில வரிகள் சேர்ந்தாலே இணைப்பு அறாமலே தொடர்பற்ற வரியைச் சுட்டத் தொடங்கும்; பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கருவிகளுக்கு இது புலப்படாது என்பதால், அறுந்த இணைப்பைவிட இதுவே தீங்கானது. கோப்பைத் திறந்து ‘ஒய்’ விசையை அழுத்தினால், முகவரியில் கிளைப் பெயருக்குப் பதிலாக, நிரலின் அந்நேரத்து நிலையை நிலையாகக் குறிக்கும் கமிட் அடையாளம் இடம்பெறும். அந்த முகவரியையே ஆவணத்தில் இட வேண்டும்.

ஒரே திட்டத்துக்குள் உள்ள பக்கங்களுக்கு, தளப்பெயர் இன்றிக் கோப்பின் பாதையை மட்டும் தரும் சார்பு முகவரி போதும். ஆவணங்களை உருவாக்கும் கருவியான ஸ்பிங்க்ஸைப் பயன்படுத்துவோர், இணைப்புகளைச் சரிபார்க்கும் அதன் லிங்க்செக் சோதனையை, ஆவணம் திருத்தப்படும்போது மட்டுமன்றி வாரந்தோறும் தானாக இயங்குமாறு அமைப்பது நன்று. ஏனெனில், வெளித்தளங்கள் முன்னறிவிப்பின்றியே மாறுகின்றன.