ஓட்டைப் பானை

நலமாக இருக்கும் வயிற்றை எவரும் நினைப்பதில்லை. அது சினந்த நாளிலோ வேறு எதனையும் நினைக்க இயலுவதில்லை. ஔவையார் தம் வயிற்றை நோக்கி முறையிட்டுப் பாடினார். வயிறு மனிதனை நோக்கி முறையிடத் தொடங்கினால், அது பாட்டோடு நிற்பதில்லை.

சிற்றூர் ஒன்றில் தேர்த் திருவிழா நடைபெற்றது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையிலிருந்த காசுக்கெல்லாம் தின்பண்டம் வாங்கி உண்டான். ஈ மொய்த்த பலாச்சுளை, திறந்த தட்டிலே கிடந்த சுண்டல், எந்த நீரில் உறைந்ததென்று எவரும் அறியாத பனிக்கட்டி மிதந்த சர்பத்து ஆகிய யாவும் அவன் வயிற்றுள் அடைக்கலம் புகுந்தன. மாலையில் தேர் நிலைக்கு வந்தது. நள்ளிரவில் அவன் வயிறு நிலை குலைந்தது. வாந்தியும் பேதியும் ஒருங்கே தோன்றின. விடிவதற்குள், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே தம்பி நடந்த தொலைவு, தேர் நான்கு வீதியும் சுற்றிய தொலைவினும் மிகுதி என்று அவன் அக்கை கணக்கிட்டு நகைத்தாள்.

பொழுது புலர்ந்தது. நோயாளி ஒருவன், மருத்துவர் பலர். எதிர்வீட்டு அத்தை, “இது கண்ணேறு” என்று கூறி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலிட்டாள். மாமன், சென்ற ஆண்டு தமக்கு வந்த காய்ச்சலில் எஞ்சிய மாத்திரைகளைக் கொணர்ந்தார். அண்டை வீட்டுப் பெரியவரோ, “ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பார் உண்டோ? பேதி நிற்கும் வரை பையனுக்கு ஒரு துளி நீரும் கொடுத்தல் ஆகாது” என்றார். பெரியவர் சொல்லுக்கு அஞ்சிய பாட்டி, நீர்ச்செம்பை எடுத்து மறைத்து வைத்தாள்.

நண்பகலில் அவன் நா வறண்டது. கண்கள் குழி விழுந்தன. காலை முதல் சிறுநீரும் கழியவில்லை. “பாட்டி, தண்ணீர்” என்ற குரல் மிக மெலிந்து ஒலித்தது. அக்கை நகைப்பதை நிறுத்தினாள். அவளே ஓடிச் சென்று கிராமச் செவிலியரை அழைத்து வந்தாள்.

செவிலியர் அவன் வயிற்றுத் தோலை இரு விரல்களாற் பற்றி விட்டார். மடிந்த தோல் உடனே சமனாகாமல் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. “உடலில் நீர் வற்றுகிறது” என்ற அவர், பெரியவரை நோக்கி, “ஐயா, மண்பானை ஓட்டையானால் வேறொன்று வாங்கலாம். இந்தப் பானைக்கு மாற்றுப் பானை உண்டோ? ஓட்டை தானே அடைபடும் வரையில், ஒழுகும் அளவுக்கு நீர் வார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும்” என்றார். பின்னர் அத்தையை நோக்கி, “உப்பை அடுப்பில் இடாதீர்கள், அம்மா, நீரில் இடுங்கள்” என்றார். பெரியவரும் புன்முறுவல் பூத்தார்.

அந்தச் செவிலியர் கூறியதே இந்நோயின் மருத்துவம். வயிற்றுப்போக்கைப் பெரும்பாலும் விளைப்பவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். அவை சில நாளில் தாமே அகல்வதுண்டு. அதற்குள் உடலினின்று நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே உயிருக்கு இறுதி விளைக்கின்றது. வெறும் நீர் மட்டும் இவ்விழப்பை ஈடு செய்யாது. உப்புடன் சர்க்கரையும் சேருமாயின், சர்க்கரை கைப்பிடித்து அழைத்துச் செல்வதுபோல உப்பைக் குடற்சுவரின் உள்ளே கொண்டு செல்லும். உப்பைத் தொடர்ந்து நீரும் செல்லும். நோயுற்ற குடலிலும் இச்செயல் நிகழ்தலே வியப்பாகும்.

இவ்வுண்மையின் பயனை உலகம் 1971ஆம் ஆண்டில் கண்டது. அப்பொழுது நிகழ்ந்த போரால் கிழக்கு வங்கத்தினின்று ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவிற்கு அடைக்கலம் தேடி வந்தனர். மேற்கு வங்கத்தின் எல்லை நகராகிய பன்கானில் வாந்திபேதி பரவியது. குருதிக் குழாய் வழியே செலுத்தும் உப்புநீர் போதவில்லை. திலீப் மகலனபிஸ் என்னும் மருத்துவர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெருங்கலங்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மடியக்கூடிய அந்நோயில், அவர் பணிபுரிந்த இடத்தில் இறந்தோர் நூற்றுக்கு நால்வரினும் குறைவு. 1978ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை வயிற்றுப்போக்குத் தடுப்புப் பணியின் அடிப்படையாகக் கொண்டது.

இக்கரைசல் ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரால் பொட்டலமாகக் கிடைக்கின்றது. உறையில் குறித்த அளவு நீரிலேயே அதனைக் கரைத்தல் வேண்டும். பொட்டலம் கிட்டாத வேளையில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொள்ளலாம். உப்பு மிகுதல் தீங்காகும். கரைசல் கண்ணீரினும் கரிப்பாக இருத்தல் கூடாது. ஒருநாள் கடந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் ஒரு குவளை பருகுக. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகப் பருகுக. பட்டினி வேண்டா, கஞ்சி, இட்டலி, தயிர்ச்சோறு, வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக உண்க. மாமனுடைய பழைய மாத்திரைகள் மாமனிடமே இருக்கட்டும். மருத்துவர் சொல்லாத மருந்தை உண்ணலாகாது.

மலத்தில் குருதி கலத்தல், கடுங்காய்ச்சல், பருகியதெல்லாம் வாந்தியாதல், கண் குழிதல், சிறுநீர் அற்றுப்போதல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். குழந்தைகட்கும் முதியோர்க்கும் ஆபத்து விரைந்து வரும். அவர்கள்பால் காலம் தாழ்த்துதல் கூடாது.

வந்தபின் காப்பதினும் வருமுன் காத்தல் எளிது. திருவள்ளுவர் ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் எம்மருந்தின் பெயரும் இல்லை. அதன் பெரும்பகுதி உண்ணும் முறையையே உரைக்கின்றது. உண்ணுமுன்னும் கழிப்பறை சென்ற பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், காய்ச்சிய நீரைப் பருகுதல், மூடி வைத்த உணவையே உண்ணுதல் ஆகிய மூன்றும் எவர்க்கும் இயல்வன.

செவிலியர் கரைசலைக் கலந்து கரண்டியாற் புகட்டிவிட்டு, நோயாளியை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். மாலையில் அவனுக்குச் சிறுநீர் கழிந்தது. அச்செய்தி கேட்டு அழுத பாட்டி, பின்பு அதற்காகத் தானே நாணினாள். மூன்றாம் நாள் அவன் தயிர்ச்சோறு உண்டான். அடுத்த ஆண்டுத் தேரன்று அவன் வீட்டிலிருந்தே காய்ச்சிய நீர் கொண்டு சென்றான். அண்டை வீட்டுப் பெரியவரும் அவனுடன் சென்றார். அவருடைய சட்டைப் பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருந்தன.