நோயாளியின் கவலையும் மார்க்கம் தந்த சலுகையும்

சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் அவருக்கு மூன்று ஆண்டுகளாக உண்டு. நிக்காஹ் முடிந்து புகுந்த வீடு வந்தார். இப்போது பிள்ளை உண்டாகியிருக்கிறார். "மனம் கலங்கினால் நோய் கூடும் என்கிறார் டாக்டர். கலங்குவதே ஈமானின் குறைவு என்கிறார்கள் மாமி. நான் எதற்குத்தான் பயப்படுவது?" என்று கேட்கிறார்.

அவருக்குரிய பதிலை எல்லா வீட்டாருக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் நம் நரம்புகளின் மேலும் ஓர் உறை உண்டு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் சக்தி திசைமாறி அந்த உறையையே அரிப்பதுதான் இந்நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கண் மங்கும், கால் மரக்கும், சிறுநீரை அடக்க முடியாமற் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே தெரியாத ஒரு களைப்பு ஆளை அமுக்கிவிடும். முகத்தைப் பார்த்தால் நோயே தெரியாது. அதனால்தான் வீட்டார் சோம்பல் என்று எண்ணிவிடுகிறார்கள்.

முதலில் மாமியவர்களின் சொல்லை எடுத்துக்கொள்வோம். மகன் யூஸுபைப் பிரிந்த துக்கத்தால் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆன் கூறுகிறது. கதீஜா நாயகி (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு துக்க ஆண்டு என்றே பெயர் பெற்றது. கவலையை விட்டும் துக்கத்தை விட்டும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். கலங்குவது ஈமானின் குறைவு என்று சொல்ல நமக்கு என்ன துணிச்சல்!

டாக்டர் சொன்னதில் உண்மை உண்டு. 14 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, வாழ்வில் நெருக்கடிகள் நேரும்போது நோய் மீண்டும் தாக்குவது கூடுகிறது என்றே கண்டது. ஆனால் இன்ன கவலையால்தான் இன்ன தாக்குதல் வந்தது என்று ஒருவரைச் சுட்டிச் சொல்ல அதில் இடமில்லை. ஆகவே நோய் கூடினால், "நான் அழுததால்தானே" என்று அந்தச் சகோதரி தம்மையே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம்.

மனத்தைப் பழக்கும் பயிற்சி பற்றி 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி நடந்த காலம் வரை மூளையில் புதிய வடுக்கள் குறைந்தன. பயிற்சி நின்றபின் அந்தப் பலன் நிலைக்கவில்லை. அமல் சிறிதாயினும் நித்தியமாகச் செய்வதையே அல்லாஹ் விரும்புகிறான் என்ற நபிமொழி இங்கே நினைவுக்கு வருகிறது. சுபுஹுக்குப் பின் கால்மணி நேரம் திக்ரு, பகலில் சற்றுப் படுக்கை: இவை தினமும் நடக்க வேண்டும். திக்ரு மருந்துக்குப் பதில் என்று யாரும் எடுத்துக்கொள்ளலாகாது. அத்துடன், இந்நோய்க்கான மருந்துகளில் சில கருவுக்கு ஆகாதவை. தாமாக நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அவர் கடிதத்தின் கடைசியில் கூச்சத்துடன் எழுதியிருப்பதுதான் உண்மையான பாரம் என்று நமக்குத் தோன்றுகிறது. சிறுநீர் கசிவதால் தொழுகை கூடுமோ என்ற அச்சத்தில், புது வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல், ஒரே வக்தில் மூன்று நான்கு முறை உளூச் செய்கிறாராம். இதற்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. கசிவு ஓயாமல் இருப்பவர், ஷாபிஈ மத்ஹபின்படி, வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, உளூச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். இடையே கசிந்தாலும் அந்தப் பர்ளு கூடிவிடும். அடுத்த பர்ளுக்கு மறுபடி உளூ. இடையிடையே நிற்கும் கசிவானால் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேட்கட்டும். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது யாவரும் அறிந்ததே. இச்சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதல்தான்.

இனி பிரசவம். 12 ஐரோப்பிய நாடுகளின் தாய்மார்களைக் கவனித்து 1998இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல் குறைந்தது. பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதங்களில் கூடியது. ஆகவே இரவில் குழந்தையைத் தூக்க யார் விழிப்பது, துணி துவைக்க யார் வருவது என்பதெல்லாம் இப்போதே பேசி முடிக்கப்பட வேண்டியவை. மச்சான் ஒருநாள் முறை, உம்மா ஒருநாள் முறை என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பிள்ளை பெற்றவளைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பாட்டுவது நம் வீடுகளின் வழக்கம். இந்நோயாளிக்கு அது ஆகாது. உடல் சூடேறினால் பார்வை மங்கலாம், கால் தளரலாம்; குளியலறையில் விழவும் கூடும். உடல் ஆறினால் தளர்ச்சி பெரும்பாலும் நீங்கிவிடும், நோய் முற்றியதாக அஞ்ச வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரே போதும், குளிக்க ஒரு முக்காலியும் வேண்டும். காய்ச்சல் இல்லாமல் புதிய மரப்போ மங்கலோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் டாக்டரிடம் தாமதியாமல் காட்ட வேண்டும்.

விடுபடும் நோன்புகளைப் பற்றியும் கேட்டிருக்கிறார். உடல் தேறும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை அவை களாதான். டாக்டர் சம்மதித்தபின், வெயில் தணிந்த மார்கழி, தை மாதங்களில் வாரத்துக்கு ஒன்றாக நோற்று வரட்டும். கடிதத்தை மாமியிடமும் காட்டும்படி அவருக்கு எழுதியிருக்கிறோம்.