சத்தத்தில் குதிரை இல்லை

ஓசூரை அடுத்த மத்திகிரி கால்நடைப் பண்ணை, 1824இல் கும்பினிப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம். இன்று அதே ஊரில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடைக்கு வரும் பையன்கள் பேசுவதும் குதிரைக் கணக்குதான். “சைலன்சர் மாத்தினேன், அஞ்சு பிஎச்பி ஏறிடுச்சு” என்பான் ஒருவன். பக்கத்தில் இருப்பவன் ஏழு என்பான். அளந்தவர் யாருமில்லை.

சத்தம் கூடினால் சக்தி கூடும் என்பது இங்கே கிட்டத்தட்ட மதம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வெளியேறும் புகை அலையலையாகப் போகிறது. குழாயின் நீளமும் அகலமும் ஒத்துவந்தால் அந்த அலை திரும்பி வரும்போது அடுத்த சுற்றுக்குச் சிலிண்டரைக் காலி செய்ய உதவும். வெறும் திறந்த குழாயில் இந்த ஒத்திசைவு கெடும். உச்ச வேகச் சுழற்சியில் ஏதோ கொஞ்சம் கிடைக்கலாம். ஆனால் தேன்கனிக்கோட்டை பக்கம் வளைவுகளில் நாம் ஓட்டும் நடு ஆர்பிஎம்மில் இழுவை குறையும். இன்னொரு சங்கதியும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் சீரான ஓட்டத்தில் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கும். முழு திராட்டிலில் எஞ்சின் தன் நினைவில் உள்ள அட்டவணையைத்தான் நம்பும். நீங்கள் குழாயை மாற்றியது அந்த அட்டவணைக்குத் தெரியாது. காற்று கூடிப் பெட்ரோல் கூடாவிட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். நானும் ஒரு காலத்தில் மாற்றியவன்தான். மூன்றே மாதத்தில் பரணில் கிடந்த கம்பெனி சைலன்சரைத் தூசி தட்டி எடுத்தேன்.

இங்கே யாரும் பேசாத ஒரு கணக்கு இருக்கிறது. ஓசூர் மேட்டுநிலம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் குறைவு. காற்றைத் தானாக இழுக்கும் எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். காகிதத்தில் 34 பிஎஸ் என்றால் மத்திகிரியில் சுமார் 31தான். சைலன்சரால் வந்ததாகச் சொல்லும் குதிரைகளை எண்ணுபவர்கள், இந்த மேடு தின்றுவிட்ட குதிரைகளை எண்ணுவதில்லை.

இதனால்தான் 100 ஆக்டேன் பெட்ரோலுக்குக் கூடுதல் காசு கொடுப்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆக்டேன் என்பது எஞ்சின் தட்டாமல் தாங்கும் திறன், சக்தியின் அளவு அல்ல. காற்று மெலிந்த இடத்தில் தட்டும் அபாயமே குறைவு.

“கம்பெனிக்காரன் வேண்டுமென்றே அடக்கி வைக்கிறான், வெளியே கொடுத்தால்தான் நிஜ ஸ்போர்ட்ஸ் பைக்” என்பது அடுத்தது. இதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூரில் 1980 முதல் வண்டி செய்யும் டிவிஎஸ், பிஎம்டபிள்யூவோடு 2013இல் கைகோத்து உருவாக்கிய 312 சிசி எஞ்சினை அப்பாச்சி ஆர்ஆர் 310இல் 2017 டிசம்பரில் தந்தது. சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். காற்று முன்னாலிருந்து உள்ளே போகும், புகை பின்னால் வெளியேறும். அன்று அதன் சக்தி 34 பிஎஸ். 2024இல் 38. காற்றுப்பெட்டியையும் பிஸ்டனையும் திருத்தி, ஏழு வருடத்தில் நாலு பிஎஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பட்டறையில் ஏழு ஏறுகிறதாம்!

அந்த நாலு பிஎஸ்ஸும் உச்ச வேகத்தில் என்ன செய்யும்? காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும். அதனால் 12 சதவீதம் கூடிய சக்தி, வேகத்தை நாலு சதவீதம்கூட உயர்த்தாது. 150இல் போன வண்டி 156ஐத் தொடாது.

2021 ஆகஸ்டில் அதே வண்டியை வாங்குபவர் விருப்பப்படி தொழிற்சாலையிலேயே கட்டித்தரும் திட்டம் வந்தபோது கம்பெனி எதைத் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள். எஞ்சினைத் தொடவில்லை. ஒரு கிட்டில் முன்னும் பின்னும் திருகிச் சரிசெய்யும் சஸ்பென்ஷன், துருப்பிடிக்காத பித்தளைப் பூச்சுச் செயின். இன்னொன்றில் தாழ்ந்த கைப்பிடி, உயர்ந்த கால்மிதி. 1982 முதல் ரேஸ் ஓட்டும் டிவிஎஸ் கூட்டம், சாலைக்கான வேகத்தை எங்கே தேடியது என்பது இதிலேயே தெரிகிறது. 60இல் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் 120இல் நான்கு மடங்காகிறது. அங்கே உதவுவது டயரும் சஸ்பென்ஷனும்தான்.

டயர் என்றதும் பின்னால் 150 மில்லிமீட்டருக்குப் பதில் 180 போடுபவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஆர்ஆர் 310இன் பின் ரிம்முக்கு 180 பொருந்தாது. குறுகிய ரிம்மில் அகல டயர் நசுங்கி நடுவில் கூம்பும். எடை கூடும், வளைவில் சாயச் சண்டை போடும். பின்னாலிருந்து பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் இருக்கும் அத்திப்பள்ளியின் தத்துவம்: “கேஏ நம்பர் பிளேட், தமிழ்நாட்டு போலீஸ் தொட முடியாது.” மோட்டார் வாகனச் சட்டம் நாடாளுமன்றம் போட்டது. அதற்கு எல்லைக் கோடு கிடையாது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைலன்சர், விளக்கு, கைப்பிடி என்று மூன்றை மாற்றியவர் மூன்றால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

காசு செலவழிக்காமல் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நண்பனை வண்டியைப் பிடிக்கச் சொல்லி ஏறி உட்காருங்கள். பின் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்று இன்னொருவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அதன் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால் சரி. அதிகம் அமுங்கினால் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கும் பிரீலோடை ஒரு படி ஏற்றி, மறுபடி உட்கார்ந்து பாருங்கள்.