பாகு ஆறட்டும் அண்ணி

வெல்லத் தோசை மாவு கெட்டுப்போனால் முதல் பழி தானியத்துக்கு, அடுத்தது அரைத்தவளுக்கு. பாகு ஊற்றிய கையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அந்தக் கை வீட்டுக்கு மூத்தவருடையதாக இருந்துவிட்டால். எங்கள் வீட்டில் போன தீபாவளிக்கு நடந்தது அதுதான். சொந்தக்காரர்கள் பத்து பேர் நடுவில் "சாமையில எவளாவது தோசை சுடுவாளா" என்று கேட்டார்களே, அவர்களும் இதைப் படிக்கட்டும்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குத் தீபாவளியோடு கேதார கௌரி நோன்பும் சேர்ந்தே வரும். மொத்தக் குடும்பமும் கூடிவிடும். அந்த முறை அமெரிக்காவிலிருந்து கொழுந்தனார் மகளும் வந்திருந்தாள். ஐப்பசி அடைமழையைப் பார்த்துக்கொண்டே, "பெரியம்மா, அங்க இப்ப இலை உதிர்ற காலம். ஞாயித்துக்கிழமை காலைல பம்ப்கின் ஸ்பைஸ் பான்கேக்தான்" என்றாள். அப்படி என்னதான் போடுவார்கள் என்று கேட்டேன். பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு. பரங்கிக்காய் இனிப்புக்குப் போடுகிற இந்தப் பொடியை மெக்கார்மிக் என்கிற மசாலா கம்பெனி 1934-இல் டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்ததாம். 2003-இல் ஸ்டார்பக்ஸ் அதைக் காபியில் போட்ட பிறகு ஊரே பைத்தியமாகிவிட்டதாம். பொடியில் பரங்கிக்காய் துளியும் கிடையாது என்பதைச் சொல்லி அவளே சிரித்தாள். லேகியம் கிளற வாங்கிய சுக்கு அடுக்களையில் இருந்தது. பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் பிரியாணி டப்பாவில். பரங்கிக்காய் பரண்மேல். இதற்கு அமெரிக்கா எதற்கு?

பான்கேக் மிக்ஸ் பாக்கெட் வாங்கி வருகிறேன் என்று எங்கள் வீட்டுக்காரர் கிளம்பினார். விடவில்லை. அதே மசாலாவும் பரங்கிக்காயும் போட்டுச் சாமையில் வெல்லத் தோசையே சுட்டுத் தருகிறேன் என்றேன். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆன பிறகு இங்கே எல்லாப் பாக்கெட்டும் கிடைக்கிறது. கைக்குத்தல் சாமைக்குத்தான் இன்னமும் யாரையாவது கல்வராயன் மலைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்குப் போகிற ஆள் உங்களுக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆடியில் விதைத்தது ஐப்பசி, கார்த்திகையில் அறுப்புக்கு வரும். புதுச் சாமையின் மணமே வேறு. வெள்ளைவெளேரென்று பாலிஷ் போட்டதை வாங்காதீர்கள். தவிடு ஒட்டிய, மங்கலான நிறத்தில் இருப்பதை வாங்குங்கள், ஆனால் வாங்கிக் குவிக்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, குத்திய சாமை நாள்பட்டால் சிக்கடித்துவிடும்.

கல் அரிப்பதை மட்டும் வேலைக்காரியிடமோ மருமகளிடமோ விடாதீர்கள். சாமை பொடி, அதிலிருக்கும் கல்லும் அதே அளவு பொடி. அகலமான சட்டியில் தண்ணீர் ஊற்றி, சட்டியைச் சாய்த்து ஆட்டிக்கொண்டே சாமையை மட்டும் அலையலையாக இன்னொரு சட்டிக்குத் தள்ள வேண்டும். கடைசியில் அடியில் ஒரு சிட்டிகை மணல் மினுங்கும். அது தெரியும்வரை அரித்தது போதாது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு டம்ளர் சாமை, அரை டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். சாமையும் அரிசியும் நாலு மணி நேரம் ஊறட்டும், உளுந்தும் வெந்தயமும் தனியாக ஒரு மணி நேரம். உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்டுங்கள், சாமையை நைஸாக. கல்லுப்பு ஒரு சிட்டிகை. கையால் கலந்து மூடி வையுங்கள். கோடையில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு அடைமழையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கும். அடுப்பு பக்கத்தில் வைத்தால் நல்லது.

மாவை அப்படி மூடி வைத்துவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன், வந்தவர்களுக்கு அதிரசம் கொடுக்க. அந்த நேரத்தில்தான் அது நடந்தது.

என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், அதிரசத்தில் கெட்டிக்காரர், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசியை ஈரம் இருக்கும்போதே இடித்து, வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்த்து, சுடச்சுட மாவில் ஊற்றிக் கிளறுவார். அன்றைக்கு அமெரிக்காவுக்குக் கொடுத்தனுப்ப இன்னொரு ஈடு அதிரச மாவு கிளறிக்கொண்டிருந்தார். பாகு மிஞ்சியது. "காலைல வெல்லம் கரைச்சு, வடிகட்டி, ஆறவச்சு... எதுக்கு ரெண்டு வேலை? பாகுதான் இருக்கே" என்று சொல்லிக்கொண்டே என் மாவுச் சட்டியில் கவிழ்த்துவிட்டார். ஏலக்காயையும் தட்டிப் போட்டிருக்கிறார், உதவியாம்.

காலையில் மூடியைத் திறந்தேன். மாவு ஒரு விரல்கூட எழும்பவில்லை. மேலே பழுப்புத் தண்ணீர். கரண்டி விட்டால் அடியில் கோந்து மாதிரி இழுக்கிறது. கட்டிகளை நசுக்கினால் வெளியே வெந்திருக்கிறது, உள்ளே பச்சை மாவு. கல்லில் ஊற்றிய முதல் தோசை ஓரம் கருகியது, நடு வேகவில்லை, திருப்பும்போது கிழிந்தது. கூடம் முழுக்க ஆட்கள், தட்டு போட்டாயிற்று. அப்போதுதான் அண்ணி அந்த வார்த்தையைச் சொன்னார்: "சாமையில எவளாவது தோசை சுடுவாளா? மலை அரிசி களிக்குத்தான் லாயக்கு. தோசைக்கு ஆகாதுன்னு அப்பவே நெனச்சேன்." அத்தையும் (மாமியார்தான்) தலையாட்டினார்.

கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். அதிரசப் பதத்துப் பாகு கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடானது, நூறு டிகிரியைத் தாண்டியிருக்கும். இடித்த மாவில் ஈரம் கம்மி. அந்தச் சூட்டில் மாவு லேசாக வெந்து பாகோடு பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அதிரசம் எண்ணெயில் பிரியாது. தோசை மாவின் கதை வேறு. பாகு விழுந்த இடத்தில் மாவு வெந்து கட்டி தட்டும். மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர்கள் சூடு பட்டுச் செத்துப்போகும், மிஞ்சியவற்றுக்கும் அவ்வளவு இனிப்பில் வேலை ஓடாது. பாகு அதிரசத்துக்குக் கட்டுமானம், தோசைக்கு எமன். இதில் சாமை செய்த குற்றம் என்ன?

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமையைச் சோறாக வடித்துச் சாப்பிட்டு வந்தவர்கள். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. ரேஷன் அரிசி வீட்டுக்கு வீடு வருமுன் அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும்தான் சோறு. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும், இதே அண்ணி சென்னையிலிருந்து சாமை உப்புமா போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டவர்தான். போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.

சரி, வெல்லத்தை எப்படிப் போடுவது? காலையில், மாவு பொங்கிய பிறகுதான். முக்கால் டம்ளர் பொடித்த வெல்லம், கால் டம்ளர் தண்ணீர். கரைந்தால் போதும், பாகு வேண்டாம். வடிகட்டுங்கள், மண்ணும் சக்கையும் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தால் இனி வடிகட்டாமல் விடமாட்டீர்கள். விரலை விட்டால் சுடக்கூடாது, வெதுவெதுப்புகூட இருக்கக்கூடாது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற கரும்புச் சீமை இது, இங்கே இருந்துகொண்டு மஞ்சளாக மின்னுகிற வெல்லத்தை வாங்குபவர்களை எனக்குப் புரிவதில்லை. அந்த நிறம் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்ததாக இருக்கும். கருப்பாக, பிசுபிசுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

பரங்கிக்காயைத் தண்ணீரில் வேகவைக்காதீர்கள். அதிலேயே முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். துண்டு போட்டு இட்லிப் பானையில் ஆவியில் வைத்து, மசித்து, துணியில் லேசாகப் பிழிந்து ஒரு டம்ளர். சுக்குப் பொடி ஒரு ஸ்பூன், பட்டை ஒரு சிறு துண்டு, கிராம்பு இரண்டு, ஜாதிக்காயைத் துருவி ஒரு சிட்டிகை. ஜாதிக்காய் கூடினால் கசக்கும், மருந்து வாடை அடிக்கும். பட்டையும் கிராம்பும் வெறும் சட்டியில் லேசாகச் சூடானபிறகு இடியுங்கள். சோடா உப்பு வேண்டாம். பொங்கிய மாவுக்கு எதற்கு? வெல்லத்தோடு சேர்ந்தால் நிறமும் கருக்கும், சோப்பு வாடையும் வரும்.

கல்லில் வெங்காயத்தை அறுத்துத் தேய்க்கிற பழக்கம் உங்களுக்கும் இருக்கும். இதற்கு மட்டும் வேண்டாம், அந்த வாடை இனிப்பில் ஏறி நிற்கும். துணியில் நெய்யைத் தொட்டுத் துடையுங்கள். தீ சிம்மில். வெல்லம் போட்ட மாவு சாதாரண தோசையைவிடச் சீக்கிரம் கருகும். ஊத்தப்பம் கனத்துக்கு ஊற்றி மூடி போட்டு, மேலே ஓட்டை ஓட்டையாகத் திறந்து பளபளப்பு போன பிறகே திருப்புங்கள்.

இப்படித்தான் மறுபடி அரைத்து, மாவுச் சட்டியை எங்கள் படுக்கை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். மழை விடாமல் பெய்தும் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது மாவு. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குக் கார் வருவதற்குள் எல்லோருக்கும் சுட்டுப் போட்டேன். கொழுந்தனார் மகள் நாலு சாப்பிட்டாள், பொட்டலம் கட்டிப் பொடியும் வாங்கிக்கொண்டாள். அத்தை, "இன்னைக்கு மாவு நல்லா அமைஞ்சிருக்கு" என்றார், தானாக அமைந்ததுபோல.

முதல் மாவை நான் கொட்டவில்லை. கட்டிகளை மிக்ஸியில் அடித்து, பூவன்பழம் ஒன்று பிசைந்து, கோதுமை மாவு இரண்டு கைப்பிடி சேர்த்துக் குழிப்பணியாரமாக ஊற்றிவிட்டேன். நன்றாகவே வந்தது. அண்ணி இப்போதெல்லாம் போனில், "அன்னைக்கு நான் பாகு ஊத்தினதாலதான பணியாரம் அவ்ளோ ருசி" என்கிறார். பணியாரச் சட்டி என் அம்மா வீட்டுச் சீர்.