லேப்டாப்பா, டிஸ்க்கா?

2017-இல் வாங்கிய லேப்டாப். 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். கல்யாணப் படங்களை லைட்ரூமில் திறந்தாலே திணறுகிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். லைட்ரூம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சிபியு பாதிகூட ஏறாமல் இருந்தால், கோளாறு பிராசஸரில் இல்லை. லைட்ரூமின் பிரிவியூக்கள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். அவற்றைத் தேடி ஹார்டு டிஸ்க்கின் முனை தட்டின்மேல் அங்குமிங்கும் அலைவதில்தான் உங்கள் நேரம் போகிறது. எஸ்எஸ்டியில் அந்த அலைச்சலே கிடையாது. அதை மாட்டி, ஸ்லாட் இருந்தால் ராமையும் 16 ஜிபி ஆக்குங்கள். புது லேப்டாப் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

பழைய மெஷினில் ஏன் பணம் போட வேண்டும் என்று கேட்கலாம். எஸ்எஸ்டி வீணாகாது, நாளை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டால் பேக்கப் டிஸ்க் ஆகிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, 2017 பிராசஸர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அதனால் இது ஓரிரு வருடத்துக்கான வழிதான். ஆனால் லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸை தினமும் பயன்படுத்துபவர் என்றால் இப்போதே புதிது வாங்குங்கள். அந்த வேலை கிராபிக்ஸ் சிப்பை நம்பியது, அதைப் பெரும்பாலான லேப்டாப்களில் பின்னால் மாற்ற முடியாது. வாங்கும்போது எஸ்ஆர்ஜிபி நிறங்களை 100 சதவீதம் காட்டும் திரையா என்று கட்டாயம் பாருங்கள்.